பிழைத்த கன்றுகளை எண்ணுங்கள்: பணிவாழ்வைத் தொடங்குவோருக்கு ஆப்பிரிக்க, கறுப்பினப் பெண்கள் காட்டும் வழி

முதல் வேலையில் சேர்ந்து இன்னும் ஓராண்டு நிறையாதவருக்காகவும், நான்கைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவை முதல் முறையாக நடத்தும் பொறுப்புக்கு வந்தவருக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தலைமை பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நாற்காலியில் அமர்ந்துவிட்டவர்களின் அனுபவங்கள். தமக்கென்று நாற்காலி போடப்படாத அறைக்குள் நுழைந்தவர்கள் அங்கே எப்படி வேலை செய்தார்கள், எப்படி நிலைத்தார்கள் என்று அறிய விரும்பித்தான் ஆப்பிரிக்கப் பெண்கள் சிலரின் வாழ்க்கையையும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சிலரின் வாழ்க்கையையும் ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். நிறத்தாலோ பிறந்த இனக்குழுவாலோ பெண் என்பதாலோ, பல நேரங்களில் இவை எல்லாவற்றாலும் சேர்த்தோ, தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் யோசித்து எடுத்துவைத்த அடியாக இருக்கிறது. பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் முடிகிறது.

படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பதவி வந்தபின் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று இவர்கள் எவரும் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த வேலை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், பிறர் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கும்படி அதைச் செய்து வைத்தார்கள். பதவி பின்னால் வந்தது. சிலருக்கு வராமலும் போயிற்று. கீழே வரும் படிகளை இதே வரிசையில் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், முதல் படியை மட்டும் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

முதல் படி: எது விதி, எது வழக்கம் என்று பிரித்துப் பாருங்கள்

1950களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் நகரில் இருந்த, 1958இல் நாசாவின் பகுதியான லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில், சோதனைத் தரவுகளைக் கையால் கணக்கிட்டுத் தருவதற்கென்றே பெண்கள் பணியில் இருந்தார்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அங்கே அந்தப் பெண்களைத்தான் குறித்தது. அவர்களிலும் கறுப்பினப் பெண்கள் 'மேற்குக் கணக்கீட்டுப் பிரிவு' என்ற தனிப் பிரிவில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். 1953இல் அங்கே சேர்ந்த கேத்தரின் ஜான்சன், இரண்டே வாரத்தில் பறத்தல் ஆய்வுப் பொறியாளர்களுக்கு உதவியாக அனுப்பப்பட்டார். பொறியாளர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் தான் போடும் கணக்கு எதற்காக என்பது அந்தக் கூட்டத்தில்தான் தெரியவரும் என்று உணர்ந்த ஜான்சன், தானும் வரலாமா என்று கேட்டார். பெண்கள் வருவதில்லையே என்றார்கள். வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

அதே ஆய்வுக்கூடத்தில் மேரி ஜாக்சன் சந்தித்த தடை வேறு வகையானது. 1951இல் கணக்கீட்டுப் பிரிவில் சேர்ந்த அவரை, ஒலியைவிட வேகமாகக் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் பணியாற்றிய கசிமியர் சார்னெக்கி என்ற பொறியாளர் தன்னிடம் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பொறியாளராகப் பதவி உயர்வதற்கான பயிற்சியில் சேரும்படியும் அவரே தூண்டினார். அதற்குரிய கணித, இயற்பியல் வகுப்புகள் மாலை நேரத்தில் நடந்தன. நடந்த இடம் வெள்ளையர்களுக்கு மட்டுமே உரிய ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி. இங்கே 'சட்டம் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால் 'இருக்கிறது' என்பதே பதிலாக வந்திருக்கும். ஆகவே ஜாக்சன் நகர நிர்வாகத்திடம் தனக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுத்தார், அனுமதி கிடைத்தது, படித்து முடித்தார், 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். தன் சொந்த ஊரில் உள்ள ஒரு பள்ளியின் வாசலைத் தாண்டுவதற்கு, பட்டம் பெற்று ஆசிரியராகவும் பணியாற்றிய ஒரு பெண் எழுத்துமூலம் அனுமதி கேட்க நேர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அந்த மனுவை அவர் எழுதினார் என்பதுதான் புதியவர் கவனிக்க வேண்டியது.

இதை நீங்கள் செய்து பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, 'இங்கே இப்படித்தான்' என்று உங்களிடம் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் இடப்பக்கம் எழுதுங்கள். அது எந்தப் பணிவிதியில், எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்பதை விசாரித்து வலப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாகவே இருந்தால் அது வழக்கம். அதைப் பணிவாகவும் திரும்பத் திரும்பவும் கேட்டு மாற்றலாம். வலப்பக்கம் நிரம்பினால் அது விதி. அதை எதிர்த்து வாயால் வாதாடிப் பயனில்லை, யாருக்கு எழுதினால் விலக்குக் கிடைக்கும் என்று கண்டுபிடித்து எழுத்தில் கேட்க வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் அடங்கிப்போகிறார்கள், எழுத வேண்டிய இடத்தில் சண்டை போடுகிறார்கள்.

இரண்டாம் படி: உங்கள் வேலையை எடுத்துக்கொள்ளப்போகும் கருவியை முதலில் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்

டாரத்தி வான் என்பவரின் பணிவாழ்வுதான் இந்தக் கட்டுரையிலேயே இன்றைய புதியவருக்கு மிக நெருக்கமானது என்று கருதுகிறேன். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்ற ஊரில் கணித ஆசிரியராக இருந்த அவர், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டின் இறுதியில், போர்க்காலத்துத் தற்காலிக வேலை என்று எண்ணியே லாங்லிக்கு வந்தார். 1949இல் மேற்குப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த அமைப்பில் கறுப்பினத்தவர் ஒருவர் மேற்பார்வையாளரானது அதுவே முதல் முறை. எந்தப் பொறியாளருக்கு எந்தப் பெண்ணின் திறமை பொருந்தும் என்று பார்த்து அனுப்பியவர் அவர். முந்தைய படியில் சொன்ன கேத்தரின் ஜான்சனை இரண்டே வாரத்தில் பறத்தல் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பிவைத்ததும் அவரே.

பிறகு மின்னணுக் கணினிகள் வந்தன. ஓர் அறை நிறையப் பெண்கள் நாள்கணக்கில் போட்ட கணக்கை ஓர் இயந்திரம் போட்டுவிடும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வான் அந்த இயந்திரத்தை எதிர்க்கவும் இல்லை, அதைப் பார்த்துக் கலங்கி நிற்கவும் இல்லை. ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டார். தன்னுடன் பணிபுரிந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1958இல் நாசா உருவானபோது நிறத்தால் பிரிக்கப்பட்ட அந்த மேற்குப் பிரிவு கலைக்கப்பட்டது. வானும் அவருடைய முன்னாள் கணக்கீட்டாளர்கள் பலரும் ஆண்களும் பெண்களும், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பணியாற்றிய புதிய கணினிப் பிரிவுக்குச் சென்றார்கள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1971இல் ஓய்வு பெறும்வரை வான் மீண்டும் ஒரு மேற்பார்வைப் பதவியை நாடினார். அது அவருக்குக் கிடைக்கவே இல்லை. கற்றால் பதவி உறுதி என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கற்றதால் அவரும் அவருடைய குழுவினரும் வேலையில் நிலைத்தார்கள், மதிப்போடு நிலைத்தார்கள். அதுவே சிறிய காரியம் அல்ல.

நீங்கள் இன்று செய்யும் வேலையில் எந்தப் பகுதியை ஐந்தாண்டுகளில் ஒரு மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரிந்ததும் அந்த மென்பொருளைக் கற்க வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கற்றதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தனியாகக் கற்றவர் ஒரு திறமையான ஊழியர் என்று பெயர் எடுப்பார். பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவரை, தலைவர் என்று யாரும் அழைக்காவிட்டாலும், எல்லோரும் அப்படித்தான் நடத்துவார்கள்.

மூன்றாம் படி: செய்த வேலையில் உங்கள் பெயர் இருக்கட்டும்

1960இல் வெளியான, செயற்கைக்கோளைப் பூமியின் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு மேலே கொண்டுசேர்ப்பதற்கான கணக்கைத் தரும் ஆய்வறிக்கையில், டெட் ஸ்கோபின்ஸ்கியோடு கேத்தரின் ஜான்சனின் பெயரும் ஆசிரியராக அச்சாயிற்று. பறத்தல் ஆய்வுப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அறிக்கையின் ஆசிரியராக வந்தது அதுவே முதல் முறை. இரண்டு ஆண்டுகள் கழித்து, பூமியைச் சுற்றிவரப் புறப்பட இருந்த விண்வெளி வீரர் ஜான் கிளென், கணினி தந்த எண்களை ஜான்சன் தன் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டும், அவர் சரி என்றால் நான் புறப்படுகிறேன் என்றார். யாரோ ஒரு பெண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என் முதல் வேலையில் மூன்று மாதம் உழைத்துத் தொகுத்த ஓர் அறிக்கை வேறொருவரின் பெயரில் மேலே போயிற்று. என்னிடம் தேதியிட்ட வரைவு ஒன்றுகூட இல்லாததால் நான் எதையும் நிறுவ முடியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு வரைவின் அடியிலும் தயாரித்தவர் பெயரையும் தேதியையும் எழுதுகிறேன். உதவியவர்களின் பெயர்களையும் விடாமல் எழுதுகிறேன். இதைத் தற்பெருமை என்று கூச்சப்பட வேண்டாம். கணக்கில் பிழை நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கும் அந்தப் பெயர்தான் பயன்படும்.

நான்காம் படி: உங்கள் வேலை எதனால் அளக்கப்படும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்

வங்காரி மாத்தாய் 1940இல் கென்யாவின் நியேரிப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அமெரிக்காவில் உயிரியல் படித்துத் திரும்பி, 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, நடு ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் அவர் மரம் நடத் தொடங்கியபோது அந்தப் பட்டத்தால் பெரிய பயன் ஏதும் விளைந்துவிடவில்லை. முதலில் அவர் தொடங்கிய சிறு நாற்றங்கால் நிறுவனம் வறட்சியிலும் தண்ணீர்க் கட்டுப்பாட்டிலும் தள்ளாடிற்று. 1976இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது, வீட்டுக் கொல்லையில் வைத்திருந்த நாற்றுகள் பெரும்பாலும் காய்ந்து கிடந்தன. மறு ஆண்டு ஜூன் 5ஆம் தேதி, கென்யப் பெண்கள் தேசியக் குழுவின் சார்பில் நைரோபியின் கமுகுஞ்சித் திடலில் ஏழு மரங்களை நட்டார்கள். அவற்றில் பிழைத்தவை இரண்டு. மரம் நடும் கிரீன் பெல்ட் இயக்கத்தின் தொடக்கம் இதுதான்.

வறண்ட ஓடைகளையும் விறகுக்காக வெகுதூரம் நடக்கும் பெண்களையும் பார்த்த மாத்தாய், மரத்தை அந்தப் பெண்களே வளர்க்கலாம் என்றார். மரம் வளர்ப்பதற்குப் பட்டயம் பெற்ற வனத்துறையினர்தாம் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வகையில் தொடங்கினார்கள். உடைந்த பானைகளில் விதை போட்டு, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பழைய தகர டப்பாக்களில் ஆணியால் துளையிட்டு அவற்றையே பூவாளியாக்கித் தண்ணீர் ஊற்றினார்கள். விதைப்பது, நாற்றை நடுவது, உயிரோடு இருப்பதை எண்ணுவது என எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. அவர்களை மாத்தாய் பட்டயம் பெறாத வனவியலாளர்கள் என்று பெருமையோடு குறிப்பிட்டார்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர் பணம் கொடுத்த முறை. நடப்பட்ட கன்றுக்குப் பணம் இல்லை. பிழைத்துக்கொண்ட கன்றுக்குத்தான் பணம். கன்று ஒன்றுக்கு ஏறத்தாழ 4 அமெரிக்க சென்ட். சிறு தொகைதான். ஆனால் நட்டதற்குக் காசு கொடுத்திருந்தால் நாடு முழுவதும் நட்டிருப்பார்கள், ஒருவரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். பிழைத்ததை எண்ணியதால் நடுகிறவர் ஒரு கன்றுக்கு முள்வேலி போட வேண்டும் என்றும், கோடையில் குடத்தைச் சுமக்க வேண்டும் என்றும் யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழில் இரண்டு பிழைத்த அந்த இயக்கம், 2004இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது 3 கோடி மரங்களைத் தாண்டியிருந்தது. நோபல் அமைதிப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்.

உங்கள் வேலையில் நட்ட கன்று எது, பிழைத்த கன்று எது என்று பாருங்கள். அனுப்பிய மின்னஞ்சல்கள் நட்டவை, தீர்ந்த புகார்கள் பிழைத்தவை. நடத்திய பயிற்சி வகுப்புகள் நட்டவை, வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தத் திறனைப் பயன்படுத்துகிறவர்கள் பிழைத்தவை. மேலதிகாரி உங்களிடம் கேட்பது பெரும்பாலும் நட்ட கணக்காகத்தான் இருக்கும், அதைக் கொடுங்கள். கூடவே, யாரும் கேட்காமலே, பிழைத்த கணக்கை மாதம் ஒரு முறை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குறைவாகவே எழுதுங்கள். ஏழில் இரண்டு என்று எழுதத் தயங்குகிறவர் எந்த இரண்டு, ஏன் பிழைத்தன என்று அறியும் வாய்ப்பையும் இழக்கிறார்.

ஐந்தாம் படி: பொருந்தாத இடத்தில் வைத்தால் காரணத்தோடு சொல்லுங்கள்

1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நெருக்கமான வீடுகளும் ஏழைக் குடும்பங்களும் நிறைந்த ஒரு தொகுதிக்கு உறுப்பினரான அவரை வேளாண்மைக் குழுவில், அதிலும் ஊரக வளர்ச்சியையும் வனத்தையும் கவனிக்கும் துணைக்குழுவில் போட்டார்கள். புதியவர் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்வதே அவையின் மரபு. சிஷோம் அவையிலேயே எழுந்து மறுத்தார். அவரைப் போர் வீரர்கள் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். அதுவும் அவர் விரும்பிய இடம் அன்று. ஆனால் தன் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள் அதிகம் என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டார். 1971இல் அவர் விரும்பிய கல்வி, தொழிலாளர் குழுவில் இடம் கிடைத்தது. அவர் மறுத்த விதத்தைப் பாருங்கள்: என் தகுதிக்கு இது குறைவு என்று அவர் சொல்லவில்லை, என்னைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு இதனால் பயன் இல்லை என்றார். வேலையை மாற்றிக் கேட்கும்போது இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தால் பாதி எதிர்ப்பு குறைந்துவிடும்.

பேச இடமே கொடுக்காதபோது என்ன செய்வது என்பதற்கு மேடம் சி. ஜே. வாக்கரைப் பார்க்க வேண்டும். 1867இல் லூசியானாவில், அடிமைத் தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்து, ஏழு வயதில் இருவரையும் இழந்து, இருபது வயதில் கணவனையும் இழந்து, துணி வெளுத்துப் பிழைத்தவர் அவர். பின்னர் கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் தயாரிக்கும் தொழிலில் பெரும் பெயர் பெற்றார். 1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் சங்க மாநாட்டில், தலைமை வகித்த புக்கர் டி. வாஷிங்டன் அவரைப் பேச அழைக்கவே இல்லை. கடைசி நாளில் வாக்கர் தானே எழுந்து பேசினார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் உயர்ந்ததையும், அங்கிருந்து தன்னைத் தானே தொழிலதிபராக உயர்த்திக்கொண்டதையும் சொல்லி, சொந்த நிலத்தில் 38 அடிக்கு 208 அடி அளவில் சொந்த ஆலை கட்டியிருப்பதையும் சொன்னார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவரையே பேச அழைத்தார்கள். துணிச்சல் அவரிடம் இருந்தது. அந்தத் துணிச்சலோடு 38க்கு 208 என்ற அளவும் கையில் இருந்தது. கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறீர்கள் என்றால், ஓர் எண்ணையாவது எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

ஆறாம் படி: பணத்தைத் திறந்த வெளியில் வையுங்கள்

நைஜீரியாவின் மருந்தியல் பேராசிரியர் டோரா அகுன்யிலி, அந்நாட்டுப் பெட்ரோலிய நிதியத்தில் மண்டலச் செயலாளராக இருந்தபோது, லண்டனில் சிகிச்சை பெறுவதற்காக அவருக்கு 17,000 பவுண்டு வழங்கப்பட்டது. அதில் 12,000 பவுண்டு அறுவை சிகிச்சைக்கானது. பரிசோதித்த மருத்துவர்கள் அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார்கள். ஊருக்குத் திரும்பி அந்த 12,000 பவுண்டையும் அவர் திருப்பிக் கட்டினார். திருப்பிக் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தச் செய்தி குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோவின் காதுக்கு எட்டியது. 2001இல் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

அந்தப் பொறுப்பு அவருக்குச் சொந்த வேதனையும்கூட. 1988இல் அவருடைய தங்கை போலி இன்சுலினால் இறந்தார். போலி மருந்துகளில் பல இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் நைஜீரியாவுக்கு வந்துகொண்டிருந்தன என்பதை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாடுகளிலேயே பரிசோதகர்களை அமர்த்தி, கப்பலேறும் முன்பே மருந்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். உண்மை மருந்தும் போலி மருந்தும் எப்படி வேறுபடும் என்று மக்களுக்குச் செய்தித்தாள்கள் வழியே காட்டினார். 2003 டிசம்பரில் அவருடைய வாகனத்தைச் சுட்டார்கள். குண்டு அவருடைய தலைத்துணியைத் துளைத்துச் சென்றது. அதன் பிறகும் 2008 வரை அதே பொறுப்பில் நீடித்தார்.

இதே காலத்தில் நைஜீரியாவின் நிதி அமைச்சராக இருந்த என்கோசி ஒகோன்ஜோ-இவேலா, மத்திய அரசிடமிருந்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாதாமாதம் எவ்வளவு பணம் போகிறது என்பதைச் செய்தித்தாள்களில் வெளியிடச் செய்தார். எங்கள் ஊருக்கு வந்த பணம் எங்கே என்று கேட்க மக்களுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. 2005இல், கடன் கொடுத்த நாடுகளின் கூட்டமைப்பான பாரிஸ் குழுவின் நாடுகளிடம் நைஜீரியா வைத்திருந்த ஏறத்தாழ 3,000 கோடி டாலர் கடனில் 1,800 கோடி டாலர் தள்ளுபடியானதும் அவருடைய முதல் பதவிக்காலத்தில்தான். 2021 மார்ச்சில் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

புதியவரின் கையில் வரும் பணம் பயணப்படியாகவோ குழுவின் தேநீர்ச் செலவாகவோதான் இருக்கும். மிஞ்சியதை அன்றே திருப்பிக் கட்டி ரசீது வாங்குங்கள். குழுவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதைக் குழுவினர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

ஏழாம் படி: துணையைத் தேடிக்கொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980இல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கோடைகாலப் பயிற்சியாளராகச் சேர்ந்த உர்சுலா பர்ன்ஸ், 1990இல் ஒரு மூத்த அதிகாரிக்கு உதவியாளராக வரும்படி அழைக்கப்பட்டபோது தயங்கினார். பொறியாளருக்கு அது பின்னடைவு போலத் தெரிந்தது. ஏற்றுக்கொண்டார், மறு ஆண்டு நிறுவனத்தின் தலைவருக்கே உதவியாளரானார், 2009இல் தலைமைச் செயல் அதிகாரியானார். முடிவுகள் எடுக்கப்படும் அறையில் ஓராண்டு அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பு வந்தால், அதற்குக் கொடுக்கப்படும் பதவியின் பெயரைப் பார்த்து மறுத்துவிடாதீர்கள்.

மேலே இருப்பவரின் துணை கிடைக்காதபோது பக்கத்தில் இருப்பவரின் துணை உண்டு. 2003இல் உள்நாட்டுப் போரில் சிதைந்துகொண்டிருந்த லைபீரியாவில், லேமா பொவீ உள்ளிட்ட பெண்கள் கிறித்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லாமல் வெள்ளை உடை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைக்கு அருகில் வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தார்கள். அவர்களுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று: போர் நிற்க வேண்டும். கானாவின் அக்ராவில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அந்தக் கூடத்தின் வாசலை மறித்து அமர்ந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒன்பது கோரிக்கைகளை எழுதியிருந்தால் ஒன்பதாவதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்திருக்கும். வேறுபட்ட பத்துப் பேரை நடத்திச் செல்ல நேர்ந்தால், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றை மட்டும் முதலில் எழுதுங்கள்.

எட்டாம் படி: இழப்புக்குப் பிறகு செய்யும் முதல் வேலை

1982இல் மாத்தாய் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் போட்டியிடுவதற்காகப் பல்கலைக்கழகப் பணியை விட்டு விலகினார். வாக்காளர் பதிவைக் காரணம் காட்டி அவரைப் போட்டியிட விடவில்லை. பணிக்குத் திரும்பப் போனபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. நாற்பதைத் தாண்டிய வயதில் வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதன் பிறகுதான் அதுவரை ஓய்வு நேரத்தில் பார்த்துவந்த கிரீன் பெல்ட் இயக்கத்துக்குத் தன் முழு நேரத்தையும் கொடுத்தார். 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை எதிர்த்துக் கடிதம்மேல் கடிதமாக எழுதியபோது, இயக்கத்தை அதன் அலுவலகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் தன் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். அந்தக் கட்டடம் எழவே இல்லை. 1982இல் மறுக்கப்பட்ட நாடாளுமன்ற இடம் 2002இல் கிடைத்தது.

லைபீரியாவின் எல்லன் ஜான்சன் சர்லீஃப் 1997 குடியரசுத் தலைவர் தேர்தலில் பெரும் வேறுபாட்டில் தோற்றார். 2005இல் வென்று, ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் நாட்டுத் தலைவராக 67ஆம் வயதில் பதவியேற்றார்.

ஆகவே பதவி உயர்வு கைவிட்டுப்போன வாரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். முதல் படியில் சொன்ன நோட்டையும் நான்காம் படியில் சொன்ன பிழைத்த கணக்கையும் எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் நீங்கள் செய்துவந்த எந்த வேலைக்குக் கூலி இல்லாமலே பலன் இருந்திருக்கிறது என்று தேடுங்கள். பல நேரங்களில் அடுத்த வழி அங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஒன்பதாம் படி: கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள்

வாக்கர் 1917இல் தன் விற்பனை முகவர்களான பெண்களை ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு அழைத்தார். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்ததோடு நிற்காமல், தங்கள் ஊரில் அறப்பணிக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார். குழுவை நடத்துகிறவர் எதைப் பாராட்டுகிறாரோ அதுவே அங்கே வளரும்.

மேரி ஜாக்சனிடம் திரும்புகிறேன். பொறியாளராகி இருபது ஆண்டுகள் உழைத்து, அந்தத் துறையில் எட்டக்கூடிய உயர்ந்த படிநிலையை எட்டிய அவர், அதற்கு மேலே நிர்வாகப் பதவிக்குப் போக வழி திறக்கவில்லை என்பதைக் கண்டார். தன்னைப் போலவே மற்றப் பெண்களும் எங்கே தேங்கி நிற்கிறார்கள், எந்தப் பாடம் படிக்காததால் பதவி உயர்வை இழக்கிறார்கள் என்று பணிப்பதிவேடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருந்தது. அது பெண்கள் முன்னேற்றத் திட்டத்தின் மேலாளர் பதவி. ஆனால் அதன் படிநிலை அவர் வகித்ததைவிடக் குறைவு. 1979இல் படிநிலை இறக்கத்தை ஏற்றுக்கொண்டு அந்த நாற்காலிக்குப் போனார். பணியமர்த்தும்போதும் பதவி உயர்வின்போதும் பெண்களும் சிறுபான்மையினரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதே, 1985இல் ஓய்வு பெறும்வரை அவருடைய வேலையாக இருந்தது.